நோட்டீஸ் கிடைக்காத உறுப்பினர்

பிப்ரவரி 4

ஐந்தாம் எண் வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நமது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஜனவரி 19 அன்று சங்கத்தின் பொதுக்குழு கூடி, நம் நான்கு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வைப்பது என்று முடிவு செய்தது. பதினாறு உறுப்பினர்களில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு மூன்று.

எதிர்த்தவர்களில் ஒருவர், முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், அந்தக் கூட்டமே செல்லாது என்று சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் பதினான்கு நாள் முன்னதாகத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது நம் சங்க விதி. ஐந்தாம் எண்ணுக்குத் தபால் போகவில்லை என்பது அவர் வாதம். தங்களுக்குரிய நோட்டீஸ் ஜனவரி 3 அன்று தங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளப்பட்டது. அந்த வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடப்பதைச் சங்கம் அறியும்.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். 'ஜனவரி 3 அன்று எனக்கு நோட்டீஸ் கிடைத்தது' என்று அதில் டைப் செய்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதும். விசாரணை மார்ச் 6.

முடிவு ரத்தானால் சிலருக்குக் கஷ்டம். உதாரணத்துக்கு, நான்காவது மாடி உறுப்பினர் ஒருவரின் கணவர் உடல்நலக் குறைவால் படி ஏற முடியாமல் ஏழு மாதமாக வேறிடத்தில் தங்கியிருக்கிறார். லிஃப்ட் வராவிட்டால் அவர் வீடு திரும்ப வழியில்லை.

தங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்

முகவரி என் பழைய டயரியில் இருந்தது. மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

•

பிப்ரவரி 9

செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இது கிடைத்தது என்று வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஜனவரி 3 நோட்டீஸ் கிடைக்கவில்லை. ஆகவே தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

ஜனவரி 3 அன்று நான் இங்கே மார்க்கெட்டில் மீன்கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தக் கதவுக்கும் இடையில் எட்டு மணி நேர பஸ் பயணம். எடை, தராசு ஆய்வாளராக இருபத்தாறு வருடம் ஆகிறது. "சார், பாக்கவே வேணாம், சும்மா ஒரு முத்திரை வெச்சிட்டுப் போங்க" என்று கடைக்காரர் யாராவது கேட்காத மாதமே கிடையாது. ஒருவருக்கும் வைத்ததில்லை. செயலாளர் கேட்கிறார் என்பதற்காக இப்போது ஆரம்பிக்க முடியாது.

சங்க விதிகளின் பிரதியும் ஜனவரி 19 கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் எனக்கு வேண்டும். உறுப்பினர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கும்.

நான்காவது மாடியில் நான்கு வீடுகள். இரண்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒன்றில் தனியாக இருக்கும் பேராசிரியர் அம்மா. மிச்சம் இருப்பது ஒரு தையல்காரி. அவள் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அவரைப் பற்றியா எழுதியிருக்கிறீர்கள்? அவருக்கு என்ன? ஏழு மாதம் என்றால் போன ஜூலை. ஜூலையிலிருந்து எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

இந்தக் கடைசிக் கேள்விக்குச் செயலாளர் பதில் எழுத வேண்டாம்.

ஐந்தாம் எண் உறுப்பினர்

•

பிப்ரவரி 13

தம்பி,

செயலாளர் எழுதவில்லை. உன் அக்காதான் எழுதுகிறேன். போதுமா?

ஆமாம், அத்தானைப் பற்றித்தான் எழுதினேன். ஜூலை மாதம் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது காலும் வலது கையும் போய்விட்டன. கை பாதி திரும்பியிருக்கிறது. கால் தரையில் நடக்கும், படி ஏறாது. அன்றைக்கு நாலு பேர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுபத்தாறு படி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் மகள் வீட்டுக்கு அழைத்துப் போனோம். அவளுக்குத் தரைத்தளம். ஊரின் மறுகோடி.

எனக்கு இங்கே மூன்று தையல் மெஷின், இரண்டு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர். விட்டுவிட்டுப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முப்பத்துநான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷனை வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி மாதிரி பார்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அக்டோபரில் ஒரு நாள், ஏறிக் காட்டுகிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி வந்தார். இரண்டு மாடி ஏறினார். அம்மா இருந்த உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேல வண்டி போகாது, எல்லாரும் இறங்கிக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். திரும்ப இறங்கும்போது ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கினார்.

அதற்குப் பிறகுதான் நான் செயலாளர் ஆனேன். வேறு யாரும் முன்வரவில்லை என்பதும் உண்மை. லிஃப்டுக்காக ஆனேன் என்பதும் உண்மை. வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினேன். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைகிறது.

நோட்டீஸ் ஏன் தபாலில் போகவில்லை என்று கேட்பாய். பதினாறு உறை எடுத்து வைத்தேன். பதினைந்தில் முகவரி எழுதி முடித்தேன். பதினாறாவதை எடுத்தேன். உன் முகவரி டயரியில் இருந்தது, தெரியாமல் இல்லை. ஆறு வருடம் கழித்து என்னிடமிருந்து உனக்குப் போகும் முதல் காகிதம் லிஃப்ட் நோட்டீஸாக இருக்க வேண்டுமா என்று நினைத்தேன். நானே முதலில் எழுத வேண்டுமா என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புத்தான் பெரியது, அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போய் அந்த உறையைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். பூட்டிய வீட்டுக்குள் நோட்டீஸ் போட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஆட்சேபணை சார் (கட்டடம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர், எந்தக் கூட்டத்திலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அது) அதை மோப்பம் பிடித்துவிட்டார்.

உன்னிடம் கேட்டது ஒரு கையெழுத்து. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறாய். அம்மா விஷயத்தில் நான் உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன், இன்றைக்கு நீ கையெழுத்துப் போடாமல் அதற்குப் பழி தீர்த்துக்கொள்கிறாய். தீர்த்துக்கொள். அத்தான் உன்னை என்ன செய்தார்?

நீ கேட்ட காகிதங்கள் உள்ளே இருக்கின்றன.

அக்கா

•

பிப்ரவரி 17 (கார்டில்)

அக்கா, காகிதங்கள் வந்தன. படித்தேன். எனக்கு நோட்டீஸ் கிடைக்கவில்லை என்ற உண்மையைப் பதிவாளருக்கு எழுதி இன்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். ஆறு நாள் வெளியூர் சோதனை. பஸ் நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன். கார்டில் இடம் போதவில்லை. மற்றது பின்னால். அத்தானுக்கு என் அன்பைச் சொல். — தம்பி

•

பிப்ரவரி 21

தம்பிக்கு,

உன் கார்டு வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. ஆட்சேபணை சார் பதிவாளர் அலுவலகத்துக்குத் தினமும் ஆபீஸ் போவது போலப் போகிறார். உன் கடிதம் கோப்பில் சேர்ந்ததை எட்டிப் பார்த்திருக்கிறார். முதல் வரியைப் படித்தாராம், அதற்குள் குமாஸ்தா கோப்பை மூடிவிட்டாராம். அவருக்கு முதல் வரியே போதும். படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க தம்பியே எழுதிட்டாரும்மா, நோட்டீஸ் வரலைன்னு" என்று சொன்னார். நான் இரண்டு கையிலும் துணி மூட்டை வைத்திருந்தேன். மூட்டையோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்டது தப்புத்தான். பேசாமல் இருந்திருக்கலாமே. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உன் தராசுகளோடு இருந்திருக்கலாம். வலியப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அத்தானிடம் உன் அன்பைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். நீ என்ன எழுதிக் கொடுத்தாய் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இனிமேல் எழுத வேண்டாம்.

•

பிப்ரவரி 24

அக்கா,

நேற்று ஊர் திரும்பினேன். உன் கடிதத்தை எனக்கு முன்னால் என் வீட்டுக்காரி படித்துவிட்டாள். நான் கார்டில் என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். "பாதி சேதியக் கார்டுல எழுதிட்டு மீதிய சட்டைப் பைல வெச்சுக்கிட்டு ஊர் சுத்துனீங்களா?" என்று ஆரம்பித்தவள் இன்னும் முடிக்கவில்லை. அவள் சொல்வது நியாயம். மன்னித்துக்கொள். முதலில் எழுத வேண்டியதைக் கடைசிக்கு வைத்துவிட்டேன்.

பதிவாளருக்கு நான் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்:

'ஜனவரி 19 கூட்டத்துக்கான நோட்டீஸ் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நான் வந்திருப்பேன், லிஃப்டுக்கு ஆதரவாகக் கை தூக்கியிருப்பேன். கூட்டம் எடுத்த முடிவு எனக்குச் சம்மதம். நோட்டீஸ் வராததால் எனக்கு ஒரு குறையும் நேரவில்லை. நேர்ந்ததாக யார் எனக்காகச் சொன்னாலும் அது என் பேச்சு இல்லை. என் பெயரைச் சொல்லி இந்த முடிவை ரத்து செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

ஆட்சேபணை சாரிடம் இரண்டாவது வரியையும் படிக்கச் சொல்.

நீ அனுப்பிய நடவடிக்கைக் குறிப்பை மூன்று முறை படித்தேன். அக்கா, தப்பு ஒன்றல்ல, நிறைய. நாலு மணிக் கூட்டம் நாலே முக்காலுக்கு ஆரம்பித்திருக்கிறது. தலைவர் வராததால் பேராசிரியர் அம்மா தலைமை தாங்கியிருக்கிறார், யார் முன்மொழிந்தார்கள் என்று எழுதவில்லை. கை தூக்கியவர்களின் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. இது போக இன்னொன்று, முதல் மாடி இரண்டாம் எண் வீடு உறுப்பினர் பட்டியலில் டீச்சரம்மா பெயரில் இருக்கிறது. அதாவது ஆட்சேபணை சாரின் மனைவி. கை தூக்கியதோ அவர். அவர் உறுப்பினரே இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகு நான் யோசித்தது என் தொழிலைத்தான். நூற்றுக்கு நூறு சரியான தராசு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு. இத்தனை கிலோ நிறுக்கிற தராசு இத்தனை கிராம் வரை தப்பலாம், அதற்குள் இருந்தால் முத்திரை வைக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு கிராம் பிசகினாலும் தராசைத் தூக்கி வெளியே வைப்பார்கள். அப்படிச் செய்தால் ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. பார்க்க வேண்டியது இரண்டு. பிசகு எவ்வளவு, அதனால் யாருக்குக் குறைந்தது. உங்கள் கூட்டத்தில் குறைந்தது எனக்கு மட்டும்தான். எனக்குப் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது மற்றது. பழி என்று எழுதியிருந்தாய். அதை நான் பாதிக் கார்டில் விட முடியாது.

அம்மாவுக்கு வயிற்றில் ரத்தம் கசிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். நீ கையெழுத்துப் போட்டாய். அம்மா பிழைக்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதே தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்றைக்கும் இதைத்தான் நினைத்தேன், இன்றைக்கும் இதையேதான் நினைக்கிறேன். நீ போட்டது தப்பு என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. எனக்கு வலித்தது வேறு. மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்திலிருந்து யாரோ ஒருவர், முகம்கூட நினைவில்லை, எனக்குப் போன் செய்து "அம்மா தவறிட்டாங்களாமே" என்று துக்கம் விசாரித்தார். எனக்கு அப்போதுதான் தெரியும். ஆபரேஷன் நடந்ததே தெரியாது. என் அம்மா செத்ததை நான் ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு வருடமாக என் தொண்டையில் நிற்பது அது ஒன்றுதான்.

முடிவு சரி அக்கா. எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தம்பி

•

பிப்ரவரி 28

தம்பி,

உன் கடிதத்தை மெஷினில் உட்கார்ந்தபடி படித்தேன். வெள்ளைச் சட்டைத் துணி மடியில் இருந்தது. அழுது தீர்த்ததில் இரண்டு சட்டை கறையாகி, துவைத்துக் காயவைத்து மறுபடியும் இஸ்திரி போட்டேன். ஆர்டர் ஒரு நாள் தாமதம். பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்டார்கள், தண்ணீர் பட்டுவிட்டது என்றேன். பொய் இல்லை.

நான் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று நீ நினைப்பதாக ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய், எல்லாம் முடியும்வரை இருந்தாய், வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாய். வேறு என்ன நினைப்பேன்? தினமும் நான் ஏறி இறங்குகிற படியில் அந்தப் பூட்டு இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் அது எனக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தது.

ஏன் போன் செய்யவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் கையில் எடுத்தேன். நீ எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கிறவன். "கொஞ்சம் பொறு, நான் வந்துடறேன்" என்று சொல்லியிருப்பாய். பொறுக்க அம்மாவிடம் நேரமில்லை. நீ சொல்லி நான் தட்டியதே இல்லை, அன்றைக்குத் தட்ட எனக்குத் தெம்பும் இல்லை. அதனால் கேட்காமல் இருந்துவிட்டேன். அம்மா போன பிறகு, கேட்காமல் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது? காலையில் அத்தானைப் பேசச் சொன்னேன். அவர் நம்பரைத் தேடுவதற்குள் அந்தப் புண்ணியவான் முந்திக்கொண்டார்.

சொல்லாதது தப்பு. எனக்கு அப்போதே தெரியும். மன்னித்துக்கொள் என்று ஒரு வரி எழுத ஆறு வருடமும் ஒரு லிஃப்டும் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது ஒரு பயம். விசாரணையில் ஏன் தபாலில் அனுப்பவில்லை என்று கேட்பார்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் சின்னத் தப்பு. வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று சொன்னால் ஆட்சேபணை சார் கையில் அல்வாத் துண்டு மாதிரி கிடைத்துவிடும். நான் என்ன சொல்லட்டும்? டீச்சரம்மா பெயரில் வீடு இருப்பதைச் சொல்லி அவர் வாயை அடைக்கலாமா?

அக்கா

•

மார்ச் 2

அக்கா,

இருந்ததைச் சொல். மறந்துவிட்டேன் என்று நீ சொன்னால் உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும், சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் வராது.

டீச்சரம்மா விஷயத்தை நீயாக எடுக்காதே. ஒரு தராசில் பிசகு இருக்கிறது என்பதற்குப் பக்கத்துக் கடைத் தராசைக் காட்டுவது பதில் ஆகாது. அதோடு, மனிதர் மனைவி முன்னால் தலைகுனிய நேரும். அவருக்கு லிஃப்ட் மேல் என்ன கோபம் என்று யாராவது கேட்டீர்களா? கேட்டுப் பார்.

விசாரணை அன்று நான் வந்து நிற்கலாம் என்று லீவு கேட்டேன். வருட முடிவுக் கணக்கு என்று மறுத்துவிட்டார்கள். போன் செய். முதலில் எனக்குச் செய்.

தம்பி

•

மார்ச் 12

தம்பி,

ஆறாம் தேதி போனில் 'ஜெயிச்சாச்சு' என்பதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை, உனக்கும் வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

பதிவாளர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மேஜையில் கோப்பு மலை, தலைக்கு மேலே ஃபேன், தாள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஏதோ ஒன்று, தண்ணீர் பாட்டில்கூட. ஆட்சேபணை சார் கோட்டுப் போட்டு வந்திருந்தார். எழுந்து நின்று விதி எண், உட்பிரிவு என்று இருபது நிமிஷம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எனக்கே கூட்டம் செல்லாது என்று தோன்றிவிட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஐந்தாம் நம்பருக்கு ஏன் தபால்ல அனுப்பலை?" என்று கேட்டார்.

"பேச்சுவார்த்தை இல்லைங்க" என்றேன்.

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் என் தம்பிக்கும். ஆறு வருஷமா."

டைப் செய்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆட்சேபணை சார் துள்ளி எழுந்து, பாருங்கள், வேண்டுமென்றே செய்தது, வாயாலேயே ஒத்துக்கொள்கிறார் என்றார். அத்தான் இனி அந்த வீட்டைப் பார்க்க மாட்டார் என்றே நினைத்தேன்.

பதிவாளர் அம்மா உன் கடிதத்தை எடுத்து முழுவதும் வாய்விட்டுப் படித்தார். உன் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்பது வேறு மாதிரி இருந்தது. படித்து முடித்ததும் ஆட்சேபணை சாரைக் கேட்டார், "உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா?"

வந்தது என்றார்.

"எத்தனை நாள் முன்னாடி?"

"பதினாலு நாள். சரியா வந்தது."

"அப்போ உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் இருந்த டீச்சரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இவருக்கு நஷ்டம் ஜன்னல்தாம்மா. லிஃப்ட் வந்தா எங்க சமையல்கட்டு ஜன்னல் இருட்டாயிடும். ரிட்டயர் ஆனதுலேருந்து காலைல அங்கதான் உக்காந்து பேப்பர் படிக்கிறார். அதைக் கூட்டத்துல சொல்ல வெக்கம். அதான் சட்டம் பேசுறார்" என்றார். அத்தோடு விடவில்லை. வீடு தன் பெயரில் இருப்பதையும், கை தூக்க வேண்டியவள் தான்தான் என்பதையும், முட்டி இருக்கிற நிலைமையில் லிஃப்டுக்குத்தான் தூக்கியிருப்பேன் என்பதையும் தானே சொல்லிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை, சத்தியம்.

பதிவாளர் அம்மா உத்தரவை அங்கேயே சொல்லி எழுதவைத்தார். நோட்டீஸ் அனுப்பியதில் குறை உண்டு. ஆனால் அந்தக் குறை யாருக்கு நேர்ந்ததோ அவரே அதைப் பொறுத்துக்கொண்டு முடிவையும் ஏற்றுக்கொள்கிறார். அவர் வந்து எதிர்த்தே வாக்களித்திருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். யாரையும் ஏமாற்றி எடுத்த முடிவு அல்ல. ஆகவே கூட்டம் செல்லும், முடிவும் செல்லும். இனிமேல் எல்லா உறுப்பினருக்கும், பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரிஜிஸ்டர் தபாலில்தான் நோட்டீஸ் போக வேண்டும். அந்த வார்த்தையை உத்தரவிலேயே போட்டிருக்கிறார், பிரதி அனுப்புகிறேன்.

வெளியே வந்ததும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆட்சேபணை சார் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். லிஃப்ட் எந்த இடத்தில் வர வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதவே இல்லையே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஆமா, அது ஒரு பெரிய குறைபாடு" என்றார். அந்தக் குறைபாட்டை வைத்துத்தான் உங்கள் ஜன்னலைக் காப்பாற்றப் போகிறேன் என்றேன். இன்ஜினீயர் வந்து பார்த்தார், நாலடி பின்னால் தள்ளலாம் என்கிறார். துணி வெட்டும்போது ஓரத்தில் தையலுக்கு விடுவோம் இல்லையா, அந்த மாதிரி கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது. ஆட்சேபணை சார் இப்போது தினமும் டேப்போடு நின்று அளந்துகொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் சொன்னேன். இடது கையால் வலது காலை நகர்த்தி வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்போ வண்டி நாலாவது மாடி வரைக்கும் போகுமா?" என்று கேட்டார்.

அக்கா

•

ஜூலை 30 (ரிஜிஸ்டர் தபால், ஒப்புதல் அட்டையுடன்)

ஐந்தாம் எண் உறுப்பினர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் 18, ஞாயிறு காலை பத்து மணிக்கு லிஃப்ட் ஓடத் தொடங்கும். அனைத்து உறுப்பினர்களும் வரவேண்டும். முழுதாகப் பதினான்கு நாளுக்கு மேல் அவகாசம் கொடுத்திருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

செயலாளர்

தம்பி, சாவியை எடுத்துக்கொண்டு வா. உன் வீட்டுக்காரியையும் கூட்டி வா. மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. இதற்கு ஆட்சேபணை ஏற்க மாட்டேன்.

•

ஆகஸ்ட் 18 (ஜனவரி 3 நோட்டீஸின் பின்பக்கத்தில்)

அக்கா,

இதை அம்மாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் காலடியில் ஆறு வருட நோட்டீஸ். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, பெயின்ட் அடிப்பது, எல்லாவற்றிலும் என் பெயர் உன் கையெழுத்தில் இருக்கிறது. நீ செயலாளர் ஆனது போன வருடம்தானே, அதற்கு முன்பும் நீதான் எழுதித் தள்ளியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலே இது கிடந்தது.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி துடைப்பம் தேடுகிறாள். வெளியே அத்தான் ஐந்தாவது தடவையாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது அவர் குரல் கேட்கிறது. "ரெண்டாவது மாடி. இறங்குறவங்க இறங்கலாம்." டீச்சரம்மா இறங்கவே இல்லை, அவரோடு சுற்றிக்கொண்டிருக்கிறார். ஆட்சேபணை சார் கீழே நின்று யாருடைய முறை என்று வரிசை பார்க்கிறார்.

மேலே வந்து சாப்பிட உட்கார்வதற்கு முன்னால் உன் மெஷின் மேல் இதை வைத்துவிடுவேன். சங்கக் கோப்பில் சேர்த்துக்கொள். பிப்ரவரியில் நீ கேட்ட கையெழுத்து.

மேற்படி நோட்டீஸ் இன்று என் கைக்குக் கிடைத்தது. தாமதத்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் எண் உறுப்பினர்,
உன் தம்பி